கணுக்கால் வீக்கமும் இதயத்தின் மேலறையும்

இரண்டு ஆண்டுகளுக்கு முன்புவரை என் அலமாரியில் இரண்டு கோப்புகள் இருந்தன. பச்சைக் கோப்பு மூட்டு வலிக்கு. நீலக் கோப்பு இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும். மூட்டு மருத்துவரிடம் பச்சையை எடுத்துக்கொண்டு போவேன், இதய மருத்துவரிடம் நீலத்தை. எல்லாவற்றையும் ஒழுங்காக வைத்திருக்கிறேன் என்ற நிறைவுகூட எனக்கு இருந்தது. யூரிக் அமிலம் 8.6 என்று அச்சடித்த தாள் பச்சைக் கோப்பில் இருந்தது. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று மருத்துவர் குறித்த தாள் நீலக் கோப்பில் இருந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க யாருக்கும் வாய்க்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. கடைசியில் ஆறு நாள் மருத்துவமனையில் படுத்த பிறகுதான் இரண்டும் ஒரே மேசைக்கு வந்தன.

எனக்கு இப்போது வயது 63. யூரிக் அமிலம் அதிகம் என்று வந்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு, இது இதயத்தைப் பாதிக்குமோ என்று பயந்துகொண்டிருக்கும் ஒருவருக்காக இதை எழுதுகிறேன். நான் நோயாளி, மருத்துவர் அல்ல. இங்கே வரும் மருந்தளவுகள் என் சிறுநீரகத்தையும் என் வயதையும் பார்த்து எனக்கென்று எழுதிக் கொடுத்தவை. அவற்றை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதல் வலி 59 வயதில் வந்தது. நள்ளிரவில் வலது கணுக்கால் தீப்பிடித்ததுபோல எரிந்து நான் விழித்தேன். போர்வை மேலே படுவதைக்கூடத் தாங்க முடியவில்லை. காலையில் கணுக்கால் சிவந்து, பளபளவென்று வீங்கி, தொட்டால் சுட்டது. மறுநாள் எடுத்த இரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலம் 6.3 என்று வந்தது. "பெண்களுக்கு இது அபூர்வம், அளவும் பெரிதாக இல்லை, கால் பிசகியிருக்கும்" என்று சொல்லிக் கட்டுப் போட்டு அனுப்பினார்கள்.

அந்த வாக்கியத்தில் இரண்டு பிழைகள் இருந்தன என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன். வலி கொழுந்துவிட்டு எரியும் நாட்களில் இரத்தத்தில் யூரிக் அமிலம் தற்காலிகமாக இறங்கிக் காட்டக்கூடும். வலி அடங்கி இரண்டு வாரமாவது கழித்து மறுபடி பார்க்க வேண்டும். எனக்கு மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோது டெசிலிட்டருக்கு 8.6 மில்லிகிராம் இருந்தது. ஏறத்தாழ 6.8-க்கு மேல் போனால் யூரிக் அமிலம் இரத்தத்தில் முழுதாகக் கரைந்து நிற்க முடியாமல், உப்புப் படிகமாக மூட்டுகளில் படியத் தொடங்குகிறது. அடுத்தது, பெண்களுக்கு வராது என்ற நம்பிக்கை. மாதவிடாய் நிற்கும்வரை ஈஸ்ட்ரோஜன் சிறுநீரகத்தின் வழியாக யூரிக் அமிலத்தை வெளியேற்ற உதவுகிறது. அது நின்ற பிறகு அந்தப் பாதுகாப்பும் குறைகிறது. அதற்கு மேல், நான் பன்னிரண்டு ஆண்டுகளாக இரத்த அழுத்தத்துக்கு ஒரு தயசைடு மாத்திரையும் சாப்பிட்டுவந்தேன். சிறுநீரை அதிகம் பிரிக்கும் அந்த வகை மாத்திரைகள் யூரிக் அமிலத்தைச் சிறுநீரகத்தில் தேக்கிவிடும். அந்தத் தகவல் நீலக் கோப்பில் இருந்தது. பச்சைக் கோப்பை மட்டும் பார்த்தவருக்கு அது தெரிய வழியில்லை.

அடுத்த ஒன்றரை ஆண்டில் ஆறேழு முறை வலி வந்தது. ஒவ்வொரு முறையும் மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிச் சாப்பிட்டேன். டைக்ளோஃபினாக் வகை. நான்கு மணி நேரத்தில் நடக்க முடிந்ததால் அதை ஒரு வரமாக நினைத்தேன். இதை எழுதும்போதே எனக்கு நெஞ்சு கனக்கிறது, ஏனென்றால் இன்றும் எத்தனையோ பேர் இதைத்தான் செய்கிறார்கள்.

இந்த மாத்திரைகள் உடலில் செய்வது இது. சிறுநீரகத்துக்கு இரத்தம் தடையின்றிப் போக உதவும் சில வேதிப்பொருள்களை இவை அடக்கிவிடுகின்றன. அதனால் உப்பும் நீரும் உடலில் தங்குகின்றன, இரத்த அழுத்தம் ஏறுகிறது, நீர் பிரியும் மாத்திரையின் வேலையும் குறைகிறது. இரத்த அழுத்தத்துக்கான சார்ட்டான் அல்லது பிரில் வகை மாத்திரை, நீர் மாத்திரை, வலி மாத்திரை ஆகிய மூன்றும் ஒரே உடலில் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று பழுதாகும் ஆபத்து உண்டு. நான் அந்த மூன்றையும் ஒன்றாகத்தான் விழுங்கிக்கொண்டிருந்தேன். அந்த ஆண்டு என் இரத்த அழுத்தம் கட்டுக்கு வரவில்லை என்று மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். வலி மாத்திரையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அது மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கிடைப்பது என்பதால் நானும் சொல்லவில்லை.

பிறகு இரண்டு கணுக்காலும் வீங்க ஆரம்பித்தன. இதுவும் யூரிக் அமிலம்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அதிகமாகத் தவறியது இந்த இடத்தில்தான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். யூரிக் அமில வீக்கம் பெரும்பாலும் ஒரு மூட்டில் வரும். சில மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும். சிவந்து, சுட்டு, தொடவிடாது. இதயத்தால் வரும் நீர் வீக்கத்துக்குப் போக்கு வேறு. இரண்டு காலிலும் இருக்கும். காலையில் குறைந்து மாலையில் கூடும். வலி அதிகம் இருக்காது. காலெலும்பின் மேல் விரலால் பத்து விநாடி அழுத்தி எடுத்தால் குழி அப்படியே நிற்கும். காலணி வார் பதிந்த கோடு அரை மணி நேரம் மறையாமல் இருந்ததை நான் தினமும் பார்த்தேன். வலி இல்லாத வீக்கம்தானே என்று அதை நல்ல செய்தியாகவே எடுத்துக்கொண்டேன். அம்லோடிபின் போன்ற இரத்த அழுத்த மாத்திரைகளாலும் கால் வீங்கக்கூடும் என்பதால், வீக்கத்தை வைத்து மட்டும் நாமாக எதையும் முடிவு செய்ய முடியாது. ஆனால் இரண்டு காலும் சேர்ந்து வீங்கினால், மூட்டைத் தாண்டி யோசிக்கச் சொல்லும் அறிகுறி அது.

மூச்சிரைப்பை முதலில் கவனித்தவள் என் மகள். மாடிப்படி ஏறும்போது, "அம்மா, நீ ஏன் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று பேச்சுக் கொடுக்கிறாய்?" என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கே உறைத்தது. மூச்சு வாங்குவதை மறைக்கத்தான் நான் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு தலையணையில் படுத்தவள் மூன்று தலையணைக்கு வந்திருந்தேன். அதையும் கழுத்து வலி என்று சொல்லிவந்தேன்.

எக்கோ என்ற இதய ஒலியலைப் படம் எடுத்தார்கள். இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு இரத்தத்தை வெளியேற்றுகிறது என்ற விகிதம் 62 சதவீதம். "இதயம் நன்றாகச் சுருங்குகிறது, பயப்பட ஒன்றுமில்லை" என்றார்கள். வீட்டில் எல்லோரும் பெருமூச்சு விட்டோம். அந்தத் தாள் ஐந்து மாதம் நீலக் கோப்பில் உறங்கியது.

ஐந்து மாதம் கழித்து வேறொரு இதய மருத்துவர் அதே தாளை எடுத்து, 62 என்ற எண்ணைத் தாண்டிக் கீழே படித்தார். இடது மேலறை பெரிதாகியிருந்தது. கீழறையின் சுவர் தடித்திருந்தது. "சுருங்குவது சரியாக இருக்கிறது. விரிந்து கொடுப்பதுதான் சிக்கல்" என்றார். பல ஆண்டு அழுத்தத்தில் சுவர் இறுகிப்போன கீழறை எளிதாக நிரம்பாது. அதற்குள் இரத்தத்தைத் தள்ளித் தள்ளி மேலறை விரிந்துபோகும். அதன் பின்னால் நுரையீரலில் அழுத்தம் ஏறும், மூச்சு வாங்கும். இதயம் திணறும்போது இரத்தத்தில் கூடும் என்டி-புரோபிஎன்பி என்ற பொருளுக்குப் பரிசோதனை செய்தார், அளவு தெளிவாக உயர்ந்திருந்தது. வெளியேற்றும் விகிதம் 50-க்கு மேல் இருந்தும் வருகிற இதயச் செயலிழப்பு இது. இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த வகைதான். வயதான பெண்கள், நெடுநாள் இரத்த அழுத்தம் உள்ளவர்கள், உடல் எடை கூடியவர்கள் இதில் அதிகம். எக்கோ தாளில் அந்த ஒற்றை எண் மட்டும் நன்றாக இருக்கிறது என்பதற்காக மூச்சிரைப்பை மறந்துவிடாதீர்கள். மேலறை எப்படி இருக்கிறது, தளர்ந்து விரிவது எப்படி இருக்கிறது என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

தயசைடை நிறுத்தி ஃப்யூரோசிமைடு என்ற வலுவான நீர் மாத்திரை கொடுத்தார். ஒரே வாரத்தில் கால் வடிந்தது, இரவில் படுக்க முடிந்தது. மூன்றாம் வாரம் வலது காலின் பெருவிரலில், இதுவரை வந்ததிலேயே கொடிய வலி வந்தது. யூரிக் அமிலம் 9.8.

அந்த இரவை நான் மறக்க மாட்டேன். நீர் மாத்திரைதான் காரணம் என்பது அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. பச்சைக் கோப்பில் தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்லி எழுதியிருந்தது. நீலக் கோப்பில் அளவோடு குடிக்கச் சொல்லி எழுதியிருந்தது. இரண்டையும் எழுதியவர்கள் நல்ல மருத்துவர்கள். ஆனால் இரண்டையும் ஒரே உடலில் கடைப்பிடிக்க முடியாது. வலி கேட்டதை நான் செய்தேன். நீர் மாத்திரையை நிறுத்தினேன், தண்ணீரை நிறையக் குடித்தேன், மிச்சமிருந்த வலி மாத்திரையையும் போட்டேன். ஐந்து நாளில் எடை 3.4 கிலோ ஏறியது. ஆறாம் நாள் விடியற்காலையில் படுக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து, வாயால் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தேன். என் கணவர் ஆம்புலன்ஸை அழைத்தார். சிறுநீரகம் தளர்ந்தால் இரத்தத்தில் ஏறும் கிரியேட்டினின் 0.9-லிருந்து 1.7-க்குப் போயிருந்தது.

மருத்துவமனையில் நான்காம் நாள், ஓர் இளம் மருத்துவர் என் இரண்டு கோப்புகளையும் படுக்கை மேல் விரித்து உட்கார்ந்தார். என் வாழ்க்கையில் மிகவும் பயனுள்ள அரை மணி நேரம் அது. "யூரிக் அமிலம்தானே என் இதயத்தைக் கெடுத்தது?" என்று கேட்டேன். "அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் இதயம் எப்படி இருக்கிறது என்பதை அது சொல்லிக்கொண்டே இருந்தது" என்றார்.

அவர் விளக்கியதை என் சொற்களில் சொல்கிறேன். நம் செல்கள் பழையன கழிந்து புதியன பிறக்கும்போது பியூரின் என்ற பொருள் உடைந்து, கடைசியில் யூரிக் அமிலமாகிறது. பெரும்பாலான பாலூட்டிகளுக்கு அதையும் உடைத்து எளிதில் கரையும் பொருளாக மாற்றும் ஒரு நொதி உண்டு. மனிதருக்கு அது இல்லை. இப்படிச் சேர்வதில் மூன்றில் இரண்டு பங்கை சிறுநீரகமும் மீதியைக் குடலும் வெளியேற்றுகின்றன. இதயம் தளரும்போது இந்தக் கணக்கு பல பக்கத்திலிருந்தும் குலைகிறது. சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் குறைவதால் வெளியேற்றம் குறைகிறது. திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாமல் செல்களின் ஆற்றல் நாணயமான ஏடிபி அதிகமாக உடைந்து, யூரிக் அமிலத்தின் மூலப்பொருள் பெருகுகிறது. நாம் கொடுக்கும் நீர் மாத்திரை அதையும் தேக்குகிறது. ஆகவே இதயச் செயலிழப்பில் யூரிக் அமிலம் ஏறுவது மிகப் பரவலானது, அளவு கூடக்கூட நோயின் போக்கும் மோசமாக இருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

இதைக் கேட்டதும் யாருக்கும் தோன்றுவதுதான் எனக்கும் தோன்றியது. அளவைக் குறைத்துவிட்டால் இதயம் தேறிவிடுமே? அறிவியலாளர்களும் அப்படித்தான் நம்பிப் பார்த்தார்கள், நம்பக் காரணமும் இருந்தது. பியூரினை யூரிக் அமிலமாக மாற்றும் சாந்தீன் ஆக்சிடேஸ் என்ற நொதி, அந்த வேலையினூடே செல்களைக் காயப்படுத்தும் ஆக்சிஜன் மூலக்கூறுகளையும் வெளியிடுகிறது. இரத்தக் குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடு அவற்றால் குறைகிறது. அந்த நொதியை மருந்தால் அடைத்தால் இரண்டு நன்மை கிடைக்கும் என்பது கணக்கு. 2008-இல் வெளியான ஓபிடி-சிஎச்எஃப் ஆய்வில் இதயச் செயலிழப்பு உள்ள 405 பேரிடம் ஆக்ஸிப்யூரினால் என்ற மருந்தைச் சோதித்தார்கள். மொத்தத்தில் பலன் இல்லை. 2015-இல் எக்ஸாக்ட்-எச்எஃப் ஆய்வில், யூரிக் அமிலம் 9.5-க்கு மேல் இருந்த 253 இதயச் செயலிழப்பு நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு 24 வாரம் அதே நொதியை அடைக்கும் அலோப்யூரினால் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். யூரிக் அமிலம் நன்றாக இறங்கியது. மூச்சும், நடக்கும் தூரமும், இதயத்தின் விகிதமும் தேறவில்லை. 2022-இல் வெளியான ஆல்-ஹார்ட் ஆய்வு, இதயக் குழாய் அடைப்பு இருந்தும் யூரிக் அமில மூட்டுவலி இல்லாத, 60 வயதைத் தாண்டிய ஏறத்தாழ 5,900 பேரை எடுத்துக்கொண்டது. அங்கும் அலோப்யூரினால் மாரடைப்பையோ பக்கவாதத்தையோ இதய மரணத்தையோ குறைக்கவில்லை.

இந்த மூன்று முடிவுகளையும் கேட்டபோது எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. இப்போது இவற்றை நன்றியோடு நினைக்கிறேன். யூரிக் அமிலத்தைக் குறைத்து இதயத்தைக் காப்போம் என்று விளம்பரம் செய்யும் பொடிகளையும் சாறுகளையும் நம்பி, உண்மையான இதய மருந்தைத் தள்ளிப்போடும் ஆபத்திலிருந்து இவை என்னைக் காத்தன. மூட்டுவலி எதுவும் இல்லாமல், தாளில் அளவு மட்டும் அதிகமாக இருக்கும் ஒருவருக்குப் பொதுவாக அதற்கென்று மாத்திரை தேவைப்படுவதில்லை. அந்த எண் ஏன் ஏறியது என்று தேடுவதுதான் தேவை. சிறுநீரகமா, மாத்திரையா, உடல் எடையா, மதுவா, இதயமா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

எனக்கு மூட்டுவலியும் இருந்ததால் வழி வேறு. ஆண்டுக்கு இரண்டு முறையோ அதற்கு மேலோ வலி வருகிறவர்களுக்கு யூரிக் அமிலத்தை 6-க்குக் கீழே கொண்டுவருவது மூட்டுக்காகவே அவசியம். அதில் இதயத்துக்கும் ஒரு மறைமுக நலன் உண்டு, வலி மாத்திரையைத் தேடி ஓட வேண்டியதில்லை. இன்னொரு செய்தியும் என்னை யோசிக்கவைத்தது. 2022-இல் பிரிட்டனில் யூரிக் அமில மூட்டுவலி உள்ள 62,574 பேரின் பதிவுகளை ஆராய்ந்தபோது, மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களிடம் அதற்கு முந்தைய 60 நாட்களுக்குள் மூட்டுவலித் தாக்குதல் வந்திருப்பது ஏறக்குறைய இரு மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. தாக்குதல்தான் அதற்குக் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. ஆனாலும் மூட்டில் எரியும் அழற்சி மூட்டோடு நின்றுவிடுவதில்லை என்று எனக்குப் புரிந்தது. இப்போது மூட்டுவலி வந்தால் அடுத்த இரண்டு மாதம் நெஞ்சு, மூச்சு, எடை மூன்றிலும் கூடுதல் கவனம் வைக்கிறேன்.

மருந்துகளுக்கு வருகிறேன். மருத்துவமனையில் என் வலியை அடக்கியது கொல்சிசின், குறைந்த அளவில், சிறுநீரகத்தைப் பார்த்துக் குறைத்துக் கொடுத்தது. பெருவிரலுக்குத் துணியில் சுற்றிய பனிக்கட்டியும் நல்ல துணை. கொல்சிசின் அளவு மிஞ்சினால் முதலில் வயிற்றுப்போக்கு வரும், அதை அலட்சியம் செய்யக் கூடாது. கிளாரித்ரோமைசின் போன்ற சில நுண்ணுயிர்க்கொல்லிகளோடும், டில்டியாசெம், வெரபாமில் போன்ற இதய மாத்திரைகளோடும் சேர்ந்தால் உடலில் அதன் அளவு ஆபத்தாக உயரலாம். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேடினோடு சேரும்போது தசை வலியோ பலவீனமோ தெரிந்தால் உடனே சொல்ல வேண்டும். சிலருக்குக் கொல்சிசினுக்குப் பதில் சில நாள் ஸ்டீராய்டு கொடுக்கிறார்கள். அதுவும் நீரைத் தேக்கலாம் என்பதால் அந்த நாட்களில் எடையைத் தவறாமல் பார்க்க வேண்டும்.

வலி அடங்கிய பிறகு அலோப்யூரினாலை 50 மில்லிகிராமில் தொடங்கினார்கள். மாதா மாதம் இரத்தம் பார்த்து 50, 50 ஆகக் கூட்டி 250-இல் நிறுத்தினார்கள். மெதுவாக ஏற்றுவதற்குக் காரணம் இருக்கிறது. அளவு வேகமாக இறங்கினால் மூட்டில் படிந்த படிகங்கள் கலைந்து வலியைக் கிளப்பும். முதல் நான்கு மாதத்தில் எனக்கு இரண்டு முறை வலி வந்தது. இந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று இந்தக் கட்டத்தில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாது, வலி வரும்போதும் அதைத் தொடர வேண்டும். அந்த மாதங்களில் குறைந்த அளவு கொல்சிசினைத் துணையாகக் கொடுப்பது அதற்காகத்தான். ஆனால் தோலில் தடிப்போ, வாயில் புண்ணோ, காய்ச்சலோ வந்தால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். அபூர்வமாக உயிருக்கே ஆபத்தான தோல் எதிர்வினை வரலாம். எச்எல்ஏ-பி 5801 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம்.

இந்த மருந்தைப் பற்றி ஒரு விஷயத்தை இங்கே சொல்லியே தீர வேண்டும். அலோப்யூரினாலை உருவாக்கியவர்களில் ஒருவர் கெர்ட்ரூட் எலியன். இரத்தப் புற்றுநோய்க்கான ஒரு மருந்து உடலில் சீக்கிரம் சிதையாமல் காக்கத்தான் அவர்கள் முதலில் இதை ஆராய்ந்தார்கள். 1988-இல் ஜார்ஜ் ஹிட்சிங்ஸ், ஜேம்ஸ் பிளாக் ஆகியோரோடு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. காலையில் அந்தச் சின்ன வெள்ளை மாத்திரையைக் கையில் எடுக்கும்போது அந்த அம்மையாரை நினைத்துக்கொள்வேன்.

யூரிக் அமிலத்தைக் குறைக்க ஃபெபக்ஸோஸ்டாட் நல்ல மருந்து, அதற்கு மாறுங்கள் என்று உறவினர் ஒருவர் வற்புறுத்தினார். என் இதய மருத்துவரிடம் கேட்டேன். 2018-இல் வந்த கேர்ஸ் ஆய்வில், இதய நோயும் உள்ள மூட்டுவலிக்காரர்களிடம் அலோப்யூரினாலைவிட அந்த மருந்தில் இதய மரணங்கள் அதிகமாக இருந்தன. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2019-இல் கடும் எச்சரிக்கை சேர்த்தது. 2020-இல் வந்த ஃபாஸ்ட் ஆய்வு அந்த அச்சத்தை உறுதிப்படுத்தவில்லை. "உங்களுக்கு அலோப்யூரினால் ஒத்துக்கொண்டிருக்கும்போது மாற்ற வேண்டிய அவசியம் இல்லை" என்று அவர் முடித்துவிட்டார்.

என் இதயத்துக்கு உண்மையில் கைகொடுத்தது எம்பாக்ளிஃப்ளோசின். சர்க்கரை நோய்க்கென்று வந்த மருந்து. என்னைப்போல விரிய மறுக்கும் இதயம் உள்ளவர்களுக்கு அது மருத்துவமனைக்குத் திரும்பப் போவதைக் குறைக்கிறது என்பதை 2021-இல் எம்பரர்-பிரிசர்வ்டு ஆய்வு காட்டியது. எனக்குச் சர்க்கரை நோய் இல்லை, இருந்தும் கொடுத்தார்கள். இது யூரிக் அமிலத்தையும் சிறுநீரில் கூடுதலாக வெளியேற்றுகிறது. நீர் மாத்திரையின் அளவையும் பாதியாகக் குறைக்க முடிந்தது. இரத்த அழுத்தத்துக்கு லோசார்டனுக்கு மாற்றினார்கள். சார்ட்டான் குடும்பத்திலேயே யூரிக் அமிலத்தையும் சற்றுக் குறைக்கும் குணம் லோசார்டனுக்கு உண்டு. ஒவ்வொரு மருந்தையும் தேர்ந்தெடுக்கும்போது காலையும் இதயத்தையும் சேர்த்தே பார்த்தார்கள். இரண்டு கோப்புகளும் ஒன்றானதால் எனக்குக் கிடைத்த நன்மை இதுதான். குறைந்த அளவு ஆஸ்பிரின்கூட யூரிக் அமிலத்தைக் கொஞ்சம் ஏற்றும். அதற்காக இதயத்துக்குத் தேவையான ஆஸ்பிரினையோ நீர் மாத்திரையையோ யாரும் தாமாக நிறுத்திவிடாதீர்கள். நான் நிறுத்திப் பார்த்தவள்.

ஒன்பது மாதத்தில் யூரிக் அமிலம் 5.6-க்கு வந்தது. என்டி-புரோபிஎன்பியும் பாதிக்கும் கீழே இறங்கியது. இரண்டு கோடுகளும் ஒன்றாக இறங்குவதைப் பார்க்கும்போது முதலாவதுதான் இரண்டாவதை இழுத்து வந்தது என்று நம்ப ஆசையாக இருக்கிறது. ஆனால் என் விஷயத்தில் வலி மாத்திரை நின்றது, இரத்த அழுத்தம் கட்டுக்கு வந்தது, புதிய இதய மருந்து சேர்ந்தது, ஆறு கிலோ எடை குறைந்தது. இவை எல்லாம் ஒரே காலத்தில் நடந்தன. பெருமை எதற்குப் போக வேண்டும் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

உணவைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம், சொல்ல இருப்பது கொஞ்சம்தான். உடலில் உள்ள யூரிக் அமிலத்தில் பெரும்பகுதி நம் செல்களிலிருந்தே வருகிறது, உணவிலிருந்து வருவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. எவ்வளவு கட்டுப்பாடாக இருந்தாலும் உணவால் மட்டும் 9-ஐ 6-க்குக் கொண்டுவருவது அரிது. மது, அதிலும் பீர், ஈரல் போன்ற உள்ளுறுப்பு இறைச்சி, சர்க்கரை கரைத்த குளிர்பானங்கள் ஆகியவை நிச்சயமாக ஏற்றும். பழச் சர்க்கரையான ஃபிரக்டோஸ் கல்லீரலில் ஏடிபியைச் செலவழித்து யூரிக் அமிலத்தை உண்டாக்குவதால் பழச்சாற்றையும் அளவோடுதான் குடிக்கிறேன். பருப்பையும் கீரையையும் ஓராண்டு ஒதுக்கிவைத்துச் சிரமப்பட்டேன், அது தேவையே இல்லை. தாவரப் பியூரின்கள் மூட்டுவலி ஆபத்தைக் கூட்டவில்லை என்பது 2004-லேயே பெரிய ஆய்வொன்றில் தெரிந்துவிட்டது. கடும் பட்டினியும் அளவை ஏற்றும். இதயத்துக்காக உப்பைக் குறைக்கும்போது, சோடியம் குறைந்த மாற்று உப்பு என்று விற்பதை மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள். அதில் பொட்டாசியம் இருக்கும். லோசார்டனோடும் தளர்ந்த சிறுநீரகத்தோடும் அது சேர்வது ஆபத்து.

தண்ணீர்ப் பிரச்சினை எப்படித் தீர்ந்தது என்றால், இரண்டு மருத்துவர்களையும் ஒரே எண்ணைச் சொல்லவைத்தேன். இவர் எழுதியதை அவரிடம் காட்டி, அவர் எழுதியதை இவரிடம் காட்டி, ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் என்று முடிவானது. இது எனக்கான அளவு. நீங்களும் இப்படி ஒரே எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

இப்போது கோப்புகள் இல்லை, ஒரு நோட்டு இருக்கிறது. காலையில் கழிப்பறைக்குப் போய்வந்து, சாப்பிடும் முன் எடை பார்த்து எழுதுகிறேன். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் மருத்துவரை அழைக்க வேண்டும் என்று மேலே எழுதியிருக்கிறது. எத்தனை தலையணை, கால் வீக்கம் ஒரு பக்கமா இரு பக்கமா, எந்த மூட்டில் வலி என்பவை அடுத்தடுத்த கட்டங்கள். பின் பக்கத்தில் யூரிக் அமிலம், கிரியேட்டினின், பொட்டாசியம் மூன்றும் ஒரே வரிசையில். யூரிக் அமிலம் காரணமில்லாமல் ஏறினால், நீர் மாத்திரை கூடியதா, சிறுநீரகம் தளர்கிறதா, மூச்சு எப்படி இருக்கிறது என்று அந்த வரிசையே என்னைக் கேட்கவைக்கிறது. முதல் பக்கத்தில் சிவப்பு மையால் கட்டம் கட்டி எழுதியிருக்கிறேன்: "இதயச் செயலிழப்பு உள்ளது. டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென், நாப்ராக்ஸன் வகை வலி மாத்திரைகள் கொடுக்க வேண்டாம்."

சென்ற மாதம் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கப் போனேன். பல் மருத்துவர் அன்பானவர், வேலை முடிந்ததும் மளமளவென்று சீட்டு எழுதினார். இரண்டாவது வரியில் டைக்ளோஃபினாக். வாயில் பஞ்சு இருந்ததால் என்னால் பேச முடியவில்லை. நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். படித்தார், என் காலைக் குனிந்து பார்த்தார், "மூச்சு இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். அந்தச் சீட்டைக் கிழித்துவிட்டுப் பாராசிட்டமால் என்று புதிதாக எழுதிக் கொடுத்தார்.